மூன்றாம் கியரில் ஏழு கம்பம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய பட்டறையை இப்போது நடத்துகிறவர்கள் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு குட்டிக் காரின் பானட் திறந்திருந்தது. ஒருவர் கையிலும் ஸ்பேனர் இல்லை. மடியில் கம்ப்யூட்டரை வைத்து, காரோடு ஒரு வயரால் இணைத்து, தட்டிக்கொண்டிருந்தார்கள். வேகம் கூடுதாம். எனக்கு வயிறு எரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கை அழுக்காகாத வேலை நல்ல வேலைதான்.

அவர்களில் ஒருவர் கேட்டார்: "அங்கிள், சின்னக் காரை வேகமாக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"பிரேக்கிலேருந்து" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதியது நான். எழுத்துப்பிழையை மருமகள் திருத்தினாள். பெருமையையும் திருத்த வந்தாள். அதற்கு மட்டும் விடவில்லை.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. மூன்றாம் வகுப்பில் எனக்கு நிகர் யாருமில்லை, அதற்கு மேல் போட்டியும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த கார் பட்டறையில் சேர்ந்தேன். நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஆறு வருஷம் தட்டினேன். என் சுத்தியல் பட்ட கதவில் கையை வைத்துத் தடவினால் அடி பட்ட இடம் எது என்று அந்தக் காருக்கே தெரியாது. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. ஊர் என்றால் அந்தச் சந்து.

ஆனால் பட்டறையில் இரண்டு சாதி இருந்தது. தட்டுகிறவர்கள் வாசல் பக்கம், வெயிலில். என்ஜின் பார்க்கிறவர்கள் உள்ளே, மின்விசிறிக்குக் கீழே. உள்ளே ஒரு நீள மேசை, தேக்கு மரம், மேலே துத்தநாகத் தகடு அடித்தது. அதுதான் என்ஜின் மேசை. அதன் அருகில் போய் நிற்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. சம்பளம் கூடும் என்பதற்காக இல்லை. அங்கே நிற்கிறவனை வாடிக்கையாளர்கள் 'நீங்க' என்று பேசினார்கள். என்னை 'ஏய், தட்டு' என்றார்கள்.

மேசைக்கு ராஜா ஃபோர்மன் பொன்னுத்துரை சார். யாழ்ப்பாணத்துக்காரர். ராணுவ வண்டிகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். முதலாளி பட்டறைப் பக்கம் வருவதே தீபாவளிக்குத்தான் என்பதால் எல்லாமே சார் சொல்வதுதான். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டுத்தான் வேலை செய்வார். சாயங்காலமும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று நாங்கள் பந்தயமே கட்டிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை. டீயைச் சாசரில் ஊற்றி, ஊதி, சத்தமில்லாமல் குடிப்பார். கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்ப இறங்கினால் நாங்கள் வெளியே போய்விடுவோம்.

அவரிடம் ஒரு முழ நீளத்தில் இரும்புக் கம்பி ஒன்று உண்டு. ஒரு முனையில் மரக்குமிழ். கம்பியை ஓடுகிற என்ஜின்மேல் ஊன்றி, குமிழைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "ரெண்டாவது வால்வு, காணும்" என்பார். திறந்தால் ரெண்டாவது வால்வுதான். எல்லாரையும் அவர் 'காணும்' என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா கிண்டலா என்று அவர் போய்ச் சேரும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

என்ஜின் வேலை கொடுங்கள் என்று நான் கேட்டதற்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "புத்தகம் வாசிக்கத் தெரியாத ஆளிட்டை என்ஜினைக் குடுக்கேலாது." புத்தகம் என்றால் கம்பெனிக்காரன் இங்கிலீஷில் போட்டது.

அந்தச் சமயத்தில்தான் மிஸ்ஸி வந்தார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் பெயர் ரஞ்சிதம். சொந்தச் சம்பளத்தில் ஒரு குட்டிக் கார் வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் செய்தது, ஆமை மாதிரி முதுகு, குதிரைப் பலம் ரொம்பக் குறைவு. பெயரைச் சொன்னால் கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான், விட்டுவிடுகிறேன்.

பாசிர் பாஞ்சாங் பக்கம் வளைந்து வளைந்து மேலே போகும் ஒரு மலை ரோட்டில் அப்போது வருஷத்துக்கு ஒருமுறை மலையேற்றப் போட்டி வைப்பார்கள். ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் உச்சிக்குப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு. முந்தின வருஷம் மிஸ்ஸி அதில் ஓட்டியிருந்தார். அவருடைய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரின் மனைவி, வெள்ளைக்காரப் பெண்மணி, நாங்கள் மேம் என்போம், அதே மாதிரி காரில் வந்து பதினோரு விநாடி முந்திவிட்டார். அதிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம், "உன் சின்னக் கார் எப்படி இருக்கிறது?" என்று அன்பாக விசாரிப்பாராம்.

"அன்பாத்தான் கேக்குது" என்றார் மிஸ்ஸி. "அதான் தாங்க முடியலை லா."

சார் காரைச் சுற்றி வந்தார். சுத்தியலோடு ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "இந்த வேலையை இவர் செய்யட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். மிஸ்ஸி என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். சாவியைச் சாரிடம் கொடுத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கிச் சொன்னார் சார்: "அந்த மேமை விடக் குறைஞ்ச நேரத்திலை இந்தக் கார் மேலை போனால், நீர் என்ஜின் மேசைக்கு வாரும். இல்லையெண்டால் சுத்தியலோடையே இரும். பிறகு என்னட்டைக் கேக்கவும் வேண்டாம்."

மறுநாள் விடியும்போதே போய் நின்றேன். கார்புரேட்டரைப் பிரிக்கலாமா, சைலன்சரைக் கழற்றலாமா என்று கை அரித்தது. சார் வந்து, "நாலு சில்லையும் கழட்டும். பிரேக்" என்றார். சில்லு என்றால் அவர் ஊரில் சக்கரம்.

வேகமாகப் போக வேண்டிய காருக்கு எதற்கு பிரேக் என்று கேட்டேன். "முதல் நிக்கப் பழக்கும். நிக்கத் தெரிஞ்ச காரைத்தான் ஆரும் துணிஞ்சு மிதிப்பினம்" என்றார். பத்து நாள் போனது. பிரேக் ஷூ மாற்றி, டிரம் தேய்த்து, எண்ணெய் மாற்றி, நாலு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்கும் வரை விடவில்லை. எனக்கு அழுகையே வந்தது. இப்போது சொல்கிறேன்: அந்தப் பத்து நாள்தான் மற்ற எல்லா வேலைக்கும் அடித்தளம்.

அவருடைய சட்டம்: ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். ரெண்டைச் சேர்த்துச் செய்தால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு காரை மவுண்ட் ஃபேபர் குன்றுக்குக் கொண்டுபோவோம். விநாடி காட்டும் கடிகாரம் எல்லாம் கிடையாது. ஒரு ஏற்றத்தின் அடியில் மூன்றாம் கியர் போட்டு, மிதித்த காலை எடுக்காமல் ஏறவேண்டும். எத்தனையாவது மின்சாரக் கம்பத்தில் என்ஜின் திணறி ரெண்டாம் கியர் கேட்கிறதோ, அந்தக் கம்பத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மொத்தம் ஏழு கம்பம். ஏழாவது உச்சியில். இந்தக் கணக்குக்கு மூன்றாம் வகுப்பு தாராளம்.

மிஸ்ஸியின் கார் வந்த அன்று மூன்றாவது கம்பத்தில் மூச்சு வாங்கியது. வால்வு இடைவெளி, பிளக் இடைவெளி, தீப்பொறி விழும் நேரம், எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடி சரிசெய்தோம், ஒன்று ஒன்றாக. நாலாவது கம்பம். ஒரு காசுக்குச் சாமான் வாங்காமலே ஒரு கம்பம் கிடைத்தது. பின் சீட்டையும் ஸ்பேர் சக்கரத்தையும் இறக்கினோம். இன்னும் அரைக் கம்பம். எடை குறைக்க வேறு என்ன செய்யலாம் என்று மிஸ்ஸி கேட்டபோது சார் என் வயிற்றைப் பார்த்து, "போட்டி நாளிலை இவரை ஏத்தாதையும்" என்றார். அப்போது எனக்கு வயிறே கிடையாது.

சைலன்சர் குழாய் என் ராஜ்ஜியம். தகட்டை வளைத்துத் தட்டி நானே செய்தேன். ஐந்தாவது கம்பம். குழாயைத் தடவிப் பார்த்த சார் குறை ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது பெரிய பாராட்டு.

பிறகுதான் சிலிண்டர் ஹெட். என்ஜினின் தலை. அதன் அடியில் நாலு குழி இருக்கும், பெட்ரோல் எரிகிற இடம். நாலும் ஒரே அளவு என்று கம்பெனிக்காரன் சொல்வான். ஆனால் இருக்காது. ஹெட்டை மேசைமேல் மல்லாக்கப் போட்டு, குழியைச் சுற்றிக் கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் தகடு ஒன்றை அதன்மேல் ஒட்டினோம். ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் விடவேண்டும். எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு சாதனம் வேண்டுமே என்று சார் யோசித்தபோது, மிஸ்ஸி கண்ணாடி ஊசி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்தார். பெரிய ஊசி, மாட்டுக்குப் போடுவது மாதிரி.

ஊசியில் கோடுகள் இருந்தன. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கோடு எண்ணத் தெரியும். ஒவ்வொரு முழு ஊசிக்கும் ஒரு வாஷரை மேசையில் வைத்தேன், மிச்சத்துக்குக் கோடு. கடைசிச் சொட்டு விடும்போது கண்ணாடிக்குக் கீழே காற்றுக்குமிழி ஒன்று நின்று கண் சிமிட்டும். அது போகும் வரை மூச்சை அடக்கிக்கொள்வேன். மூன்றாவது குழியில் என் கணக்குக்கும் சார் கணக்குக்கும் ஒரு கோடு வித்தியாசம். அவர் மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும் அளந்தார். என் கணக்குதான் சரி. அவர் டீயைச் சாசரில் ஊற்றினார். அதைத் தான் குடிக்காமல் என் பக்கம் நகர்த்தினார்.

சின்னக் குழிகளைப் பெரிய குழிக்குச் சமமாகத் தேய்த்தேன், மூன்று நாள். பிறகு ஜாலான் புசாரில் ஒரு சீனர் லேத்துப் பட்டறையில் ஹெட்டின் அடியை ஒரு நகக்கண் அளவு சீவி வாங்கினோம். ஆறாவது கம்பம்.

மிச்சம் ஒன்று. கார்புரேட்டரின் வாயில் காற்று வடிகட்டுகிற தகரப் பெட்டி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு வாய் விரிந்த குழல் ஒன்றை வைத்தால் காற்று தாராளமாக உள்ளே போகும் என்றார் சார். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் ஒரு பித்தளை ஊது ஹார்ன் வாங்கி, வெட்டி, தட்டி, விரித்து, நாதஸ்வரத்தின் வாய் மாதிரி செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்ததில் அதுதான் அழகு. சார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலியாண வீட்டுக்கோ காணும் செய்தனீர்?"

மாட்டினோம். ஏழாவது கம்பம். உச்சிக்குப் போய்க் காரை நிறுத்திவிட்டு இறங்கி, கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். சார் சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். கோட்டை நானே போட்டேன்.

இறங்கி வரும்போது அவர் சொன்னது இது: "குழலின்ரை வாய்க்குக் கம்பி வலை ஒண்டு போடும். ரோட்டிலை கிடக்கிறது எல்லாம் உள்ளை போகும்." போடுகிறேன் சார் என்றேன். அது வெள்ளிக்கிழமை. போட்டி ஞாயிறு. நடுவில் சனிக்கிழமை ஆயுத பூசை.

இங்கே என் புத்திசாலித்தனத்தைச் சொல்லவேண்டும். வலையைப் போட்டால் அந்தப் பளபளப்பு மறையும். அவ்வளவு அழகான வாய்க்கு யாராவது கோழிக்கூண்டு மாட்டுவார்களா? சனிக்கிழமை முழுக்கப் புளி போட்டுக் குழலைத் துலக்கினேன். சாயங்காலம் பூசை. ஸ்பேனர், சுத்தியல், சாரின் கேட்கும் கம்பி எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, மேசையில் அடுக்கினோம். சார் சைவர், இதில் கறார்: பூசையில் வைத்த கருவியை மறுநாள் மத்தியானம் மறுபூசை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. மிஸ்ஸியின் காருக்கு மாலை போட்டோம். மற்றவர்கள் பானட்டுக்கு வெளியேதான் சந்தனம் வைத்தார்கள். நான் பானட்டைத் திறந்து, என் குழலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் வாயில் பூச்சாடியில் வைக்கிற மாதிரி ஒரே ஒரு மஞ்சள் செவ்வந்தியைச் செருகினேன். கண்பட்டுவிடும் போல இருந்தது. பானட்டை மூடினேன்.

ஞாயிறு காலை மாலையை எடுத்தேன், சந்தனத்தைத் துடைத்தேன். பானட்டைத் திறந்தால், குழலின் வாயில் செவ்வந்தியைக் காணோம். எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போட்டி இடத்துக்கு மெதுவாகத்தான் போனோம், கார் பூனை மாதிரி முனகிக்கொண்டு வந்தது.

இரண்டு தடவை ஓட்ட விடுவார்கள், நல்ல நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். மேம் முதல் தடவையே போன வருஷத்தைவிட நன்றாக ஓட்டினார். பிறகு மிஸ்ஸி. கொடி இறங்கியது. கார் பாய்ந்தது. ரெண்டாவது வளைவில் பின்னால் கரும்புகை. மூன்றாவது வளைவில் என்ஜின் இருமியது. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே கேட்டது. மேலே போய்ச் சேர்ந்த நேரத்தைச் சொன்னார்கள். போன வருஷத்தைவிடவும் மோசம்.

மிஸ்ஸி காரைக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். திட்டவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அரைமணி நேரம் இருந்தது. நான் பெட்ரோலைக் குறை சொன்னேன். பிளக்கைக் குறை சொன்னேன். அன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம் என்றும் சொன்னேன். பிரித்துப் பார்க்கலாம் என்றால் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. எல்லாம் சிராங்கூனில் சந்தனப் பொட்டோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரர்களும் சீனர்களும் பெட்டி பெட்டியாகக் கருவி கொண்டுவந்திருந்தார்கள். இரவல் கேட்கப் போன என்னைச் சார் தடுத்தார். முதலில் என்ன நோய் என்று தெரியவேண்டும் என்றார். கம்பியை ஊன்றிக் கேட்கிறவர் மாதிரி கையைக் காதுக்குக் கொண்டுபோனார். கம்பியும் பூசையில்.

மிஸ்ஸியின் வேலைப் பை காரிலேயே கிடக்கும். அதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நீட்டினார். சார் அதைக் காதில் மாட்டினார். மிஸ்ஸியிடம் என்ஜினை முடுக்கச் சொல்லிவிட்டு, அங்கே இங்கே வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், கார்புரேட்டரில் நின்றார். கண்ணை மூடினார். சுற்றிலும் கூட்டம். மேமும் வந்து நின்றார்.

"மூச்சு எடுக்குதில்லை" என்றார். கண்ணைத் திறக்காமலே என்னைக் கேட்டார்: "வலை போட்டனீரோ?"

குரல் ரொம்ப இறங்கியிருந்தது. வெளியே ஓட எனக்குப் பட்டறை இல்லை, நாங்கள் ஏற்கெனவே வெளியேதான் நின்றோம். இல்லை சார் என்றேன். அப்போதுதான் எனக்குச் செவ்வந்தி ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அரைமணியில் கால்மணி போய்விட்டது. சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸி என்ஜினை நிறுத்தினார். பையிலிருந்து கத்தரிக்கோல் மாதிரிப் பிடி வைத்த நீள இடுக்கியை எடுத்தார். ஒரு கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுக்கியை உள்ளே விட்டார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் தொண்டைக்குள் விட்டிருப்பாரோ. மெதுவாகத் திருகி, இழுத்தார். பெட்ரோலில் நனைந்து கசங்கின செவ்வந்தி, காம்போடு முழுசாக வந்தது. உதிர்ந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ராத்திரியே குழலுக்குள் நழுவி விழுந்த பூ, மெதுவாகப் போகும்போது சும்மா இருந்திருக்கிறது. முழுசாக மிதித்ததும் காற்று அதை இழுத்து அடைத்துவிட்டது.

"என்ன முத்தையா," என்றார், "பேஷண்டுக்குப் பூ கொண்டாந்தது நீங்கதானா?"

சார் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சத்தம் வராது. வெள்ளைச் சட்டை மட்டும் குலுங்கும்.

ரெண்டாவது ஓட்டம். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, திரும்பி நின்று காதால் கேட்டேன். முதல் வளைவு, ரெண்டாவது, மூன்றாவது. குரல் உடையவில்லை. என் குழல் பாடிக்கொண்டே மேலே போனது. கேட்டுக்கொண்டே மனதுக்குள் கம்பம் எண்ணினேன், அந்த ரோட்டில் நான் எண்ணுகிற கம்பம் எதுவும் இல்லாவிட்டாலும். நேரத்தைச் சொன்னார்கள். மேமைவிட ஒரு தும்மல் நேரம் குறைவு. மேம் தன் ரெண்டாவது ஓட்டத்திலும் அதை எட்டவில்லை. பரிசு வேறு ஒரு அம்மாவுக்குப் போனது, அது எங்களுக்கு முக்கியமில்லை.

மேம் நல்லவர். வந்து கை கொடுத்தார், என்ஜினைக் குனிந்து பார்த்தார், இந்த அழகான குழலைச் செய்தது யார் என்று கேட்டார். மிஸ்ஸி என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று சாரைக் கேட்டேன். "எங்கடை பூக்காரர் எண்டு" என்றார். அந்தப் பெயர் பத்து வருஷம் என்னை விடவில்லை.

திங்கட்கிழமை காலை நான் பட்டறைக்குள் போகவில்லை. வாசலில், என் பழைய இடத்தில் நின்றேன். கார் மேமை முந்தியது உண்மை. ஆனால் சொன்னதைச் செய்யாதவன் நான் என்பதும் உண்மை. சுத்தியலை எடுத்து வைத்துக்கொண்டேன். சார் வந்தார். டீயைச் சாசரில் ஊற்றினார், குடித்தார், கிளாஸைக் கழுவி வைத்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் கம்பி வலையைக் கையில் கொடுத்தார்.

"குழலுக்கு அளவாய் வெட்டி, விளிம்பு மடிச்சுத் தட்டிக் கொண்டு வாரும்."

சரி சார் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

"எங்கை போறீர் காணும்?" என்றார். ஒரு பொருளும் இல்லாமல் துடைத்து வைத்திருந்த என்ஜின் மேசையின் ஒரு பாதியைக் காட்டினார். "இஞ்சை வைச்சுத் தட்டும்."

சுத்தியலோடு நான் என்ஜின் மேசைக்குப் போனேன். பிறகு அந்த மேசையே என்னுடையதாகி, பட்டறையும் என்னுடையதாகி, மூன்றாம் வகுப்பு படித்தவன் முன்னால் டிப்ளோமா படித்தவர்கள் நின்றதெல்லாம் வேறு கதை. அதைச் சொன்னால் மருமகள் பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

மிஸ்ஸி அந்தக் காரை வைத்திருந்த வரைக்கும், ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசைக்கு மறுநாள், பூசைக்கு விட்டிருந்த காரை எடுக்கப் பட்டறைக்கு வருவார். வணக்கம் சொல்லுவார். நேராகப் போய்ப் பானட்டைத் திறந்து, பையிலிருந்து இடுக்கியை எடுத்து, வலையைக் கழற்றிக் குழலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வலையை மறுபடி மாட்டிவிட்டுத்தான் போவார்.